கோடைப் பிக்னிக்குக்குக் கையைக் கடிக்காத கிரீமி பாஸ்தா சாலட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதக் கடைசித் திங்கள் மெமோரியல் டே. அன்று தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே வரை, அமெரிக்காவில் வாரக் கடைசி என்றாலே ஏதாவது ஒரு பூங்காவில் யாராவது கிரில்லைப் பற்றவைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். நாங்கள் இருக்கும் டாலஸ் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்களின் கோடைச் சந்திப்புகளும் இதே வழக்கத்துக்கு வந்துவிட்டன. பூங்காவில் ஷெல்டர் (கூரை போட்ட மேசை இடம்) பிடிப்பது, வாட்ஸ்அப்பில் பாட்லக் பட்டியல் சுற்றுவது, ஆளுக்கொரு ட்ரே. அந்தப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே பல வருடங்களாக பாஸ்தா சாலட்தான். பிக்னிக் மேசையிலும், அதற்கு முந்தைய ராத்திரி தொலைபேசியிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். அளவுகள் எல்லாம் அமெரிக்க கப் கணக்கில். ஒரு கப் என்றால் 240 மில்லி.

பாஸ்தாவைக் குளிரவைத்துச் சாப்பிடுவதா? அது எப்படி நன்றாக இருக்கும்?

தயிர்சாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெந்த மாவுப்பொருள், அதை இளக்கிப் பிடிக்கும் வெள்ளைக் குழைவு, இடையிடையே பல்லில் கடிபடும் காய், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் காரம். வெயில் நாளில் கனமான கிரில் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக ஒன்று வேண்டும். அமெரிக்கர்களுக்கு அந்த இடத்தில் மேக்கரோனி சாலட் (நான் செய்யும் பாஸ்தா சாலட் இதுதான்), உருளைக்கிழங்கு சாலட், கோல்ஸ்லா என்னும் முட்டைக்கோஸ் சாலட். இவற்றில் மேக்கரோனி சாலட்டுக்குத்தான் செலவு குறைவு, சேதாரமும் குறைவு.

நான் இதைச் சும்மா ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. ரயில் பயணத்துக்குத் தயிர்சாதம் கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சாலட்டின் சூட்சுமம் ஏற்கெனவே தெரியும். சாதத்தைக் குழைய வடிப்போம், பால் தாராளமாக ஊற்றித் தளரப் பிசைவோம். மத்தியானம் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அது சரியான பதத்துக்கு இறுகியிருக்கும். மேக்கரோனிக்கும் அதே கணக்கு. கிரீம் போன்ற பதம் கூடுதல் மயோனைஸால் வருவதில்லை. கொஞ்சம் கூடுதலாக வேகவைப்பதாலும், தளரக் கலப்பதாலும் வருகிறது. செலவு குறைவதும் இதனால்தான்.

எத்தனை பேருக்கு எவ்வளவு? என்ன செலவாகும்?

மேசையில் வேறு பல பண்டங்கள் இருக்கும் பாட்லக்கில், ஒரு பவுண்டு (454 கிராம்) மேக்கரோனி 12 பேருக்குத் தாராளம். காய், மயோனைஸ் எல்லாம் சேர்ந்தால் சுமார் 2 கிலோ வரும். ஒரு ஹாஃப் ட்ரேயில் (பெரிய அலுமினிய ட்ரேயில் பாதி அளவு) முக்கால் அளவுக்கு நிற்கும். 25 பேர் என்றால் இரண்டு பவுண்டு. அதற்கு மேல் ஆட்கள் வந்தாலும் மூன்றாவது பெட்டியைப் பிரிக்க வேண்டாம். பிரியாணியும் புளியோதரையும் இருக்கும் மேசையில் சாலட் அவ்வளவு போகாது.

செலவு ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கத்தில் கடையின் சொந்த பிராண்டு எல்போ மேக்கரோனி (வளைந்த குட்டைக் குழல் பாஸ்தா) பெட்டி ஒன்றிலிருந்து ஒன்றரை டாலர், 30 அவுன்ஸ் மயோனைஸ் மூன்று நான்கு டாலர். அந்த பாட்டிலில் ஏறக்குறைய கால் பங்குதான் ஒரு பவுண்டு மேக்கரோனிக்குச் செலவாகும். காய்களையும் தயிரையும் சேர்த்தால் பத்து டாலருக்குள் ஒரு ட்ரே முடிந்துவிடும். கடையின் டெலி பகுதியில் எடை போட்டுத் தருவதை இதே அளவு வாங்கினால் இரண்டு மடங்காவது ஆகும், ருசியும் உங்கள் கையில் இருக்காது.

சரி, அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

எல்போ மேக்கரோனி ஒரு பவுண்டு. வினிகர் 2 மேசைக்கரண்டி. மயோனைஸ் ஒரு கப், கெட்டித் தயிர் அரை கப், பால் கால் கப். மஞ்சள் மஸ்டர்ட் (பாட்டிலில் வரும் கடுகு விழுது) ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, பொடித்த மிளகு ஒரு தேக்கரண்டி. செலரி (நறுக்கென்று கடிபடும் தண்டுக் காய்) இரண்டு தண்டு, கேரட் பெரியதாக ஒன்று, குடைமிளகாய் ஒன்று, சிவப்பு வெங்காயம் சிறியதில் பாதி, ஃப்ரோசன் பட்டாணி ஒரு கப், புளிப்பு பிக்கிள் (நம் ஊறுகாய் அல்ல, ஊறவைத்த வெள்ளரிக்காய்) பொடியாக நறுக்கியது கால் கப். முட்டை சாப்பிடுபவர்கள் என்றால் வேகவைத்த முட்டை நான்கு.

நாலு லிட்டர் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, ஒன்றரை மேசைக்கரண்டி உப்புப் போட்டு, மேக்கரோனியைக் கொட்டுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். கடைசி ஒரு நிமிடம் இருக்கும்போது பட்டாணியையும் அதே பானையில் போட்டுவிடலாம், இன்னொரு பாத்திரம் மிச்சம். வடித்து, குழாய்த் தண்ணீரில் பத்து விநாடி அலசி, வடிதட்டை நன்றாக உதறுங்கள். எல்போ வளைந்த குழல் என்பதால் உள்ளே தண்ணீர் தங்கும். அதை உதறாமல் விட்டால் பிறகு சாலட் நீர்த்துப்போகும்.

கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கும்போதே வினிகரைத் தெளித்துப் புரட்டி, பத்து நிமிடம் விடுங்கள். மயோனைஸ், தயிர், பால், மஸ்டர்ட், சர்க்கரை, உப்பு, மிளகு எல்லாவற்றையும் தனியாக ஒரு கிண்ணத்தில் அடித்துக்கொள்ளுங்கள். மேக்கரோனி ஆறியதும் இந்தக் கலவையில் மூன்றில் இரண்டு பங்கை ஊற்றிக் காய்களோடு கலந்து, மூடி, குறைந்தது மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மீதி ஒரு பங்கு பரிமாறும் நேரத்துக்கு. அதை மறக்கவே கூடாது.

பாஸ்தா என்றால் கடிக்கும்போது விறைப்பு இருக்க வேண்டும் என்கிறார்களே? நீங்கள் குழையச் சொல்கிறீர்களே?

சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவுக்கு அந்த விறைப்புதான் அழகு. இத்தாலியர்கள் அல் டென்டே என்பது அதைத்தான். ஆனால் வெந்த மாவுச்சத்து குளிரும்போது மறுபடியும் இறுகும். ராத்திரி மீந்த சாதத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் விறைத்து உதிருமே, அதே வேலைதான் மேக்கரோனியிலும் நடக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கும்போதே விறைப்பாக இருந்தால், குளிர்ந்தபின் ரப்பர் போலாகிவிடும். கலவையையும் உள்ளே வாங்காது.

பதம் பார்க்க ஒரு மேக்கரோனியை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். கோடு மறைந்த பிறகு, சாதம் பதம் பார்ப்பது போல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். எதிர்ப்பே இல்லாமல் அமுங்க வேண்டும், ஆனால் கூழாகிப் பிசுபிசுக்கக் கூடாது. பெட்டியில் 8 நிமிடம் என்று போட்டிருந்தால் எனக்கு அந்தப் பதம் பத்தாவது நிமிடத்தில் வருகிறது.

பாஸ்தாவைக் கழுவக் கூடாது என்று படித்தேன். நீங்கள் அலசச் சொல்கிறீர்கள்?

சூடான சாஸில் போடும் பாஸ்தாவைக் கழுவக் கூடாது. மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் சாஸைப் பிடித்துக்கொள்கிறது. சாலட்டில் அந்த மாவு குளிர்ந்து பசையாகி, மேக்கரோனியைக் கட்டிகட்டியாக ஒட்டவைத்துவிடும். அதனால் ஒரு அலசு, அவ்வளவுதான். ஐஸ் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். வெதுவெதுப்பு இருந்தால்தான் வினிகர் உள்ளே இறங்கும்.

ஒட்டாமல் இருக்க எண்ணெய் விடுவதும் வேண்டாம். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் கலவை உள்ளே போகாமல் மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும்.

வீட்டில் நன்றாக இருந்தது, பிக்னிக்கில் திறந்தால் வரண்டு கிடக்கிறது. ஏன்?

என்னிடம் மிக அதிகம் பேர் கேட்டது இதுதான். மேக்கரோனி ஃப்ரிட்ஜிலும் சும்மா இருப்பதில்லை. கலவையில் இருக்கும் தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். மயோனைஸ் என்பது எண்ணெய்த் துளிகளை முட்டையின் உதவியோடு தண்ணீரிலும் புளிப்பிலும் மிதக்கவிட்ட கலவை. அமெரிக்காவில் மயோனைஸ் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் அதில் எடையில் 65 சதவீதமாவது தாவர எண்ணெய் இருக்க வேண்டும் என்பது சட்டம். தண்ணீரை மேக்கரோனி குடித்துவிட்டால் மிஞ்சுவது எண்ணெய்ப் பசை. வரண்ட தோற்றமும், வாயில் எண்ணெய் பூசியது போன்ற உணர்வும் சேர்ந்து வருவது இதனால்.

அந்த நேரத்தில் பலரும் இன்னும் நாலு கரண்டி மயோனைஸ் போட்டுக் கலக்குகிறார்கள். குறைந்தது தண்ணீர், சேர்ப்பது எண்ணெய். காசும் வீண், வாயும் திகட்டும். அதற்குப் பதில் ஒதுக்கிவைத்த ஒரு பங்கு கலவையில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் விட்டு அடித்து ஊற்றிக் கலந்து பாருங்கள், ஐந்து நிமிடத்தில் பளபளப்பு திரும்பிவிடும். வீட்டிலிருந்து கிளம்பும்போது சாலட் பார்க்கக் கொஞ்சம் தளர்வாகவே இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் குவியலாக நிற்காமல் மெதுவாகச் சரிய வேண்டும். அப்போதுதான் மேசைக்கு வரும்போது பதமாக இருக்கும்.

பெயர் பெற்ற மயோனைஸ்தான் வாங்க வேண்டுமா?

இந்தச் சாலட்டுக்கு வேண்டாம். மஸ்டர்ட், பிக்கிள், வினிகர் எல்லாம் சேர்ந்தபின் கடையின் சொந்த பிராண்டுக்கும் விலை கூடியதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். சாண்ட்விச்சில் வெறுமனே தடவுவதற்கு வேண்டுமானால் நல்லதாக வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ராக்கி மலைத் தொடருக்குக் கிழக்கே ஹெல்மன்ஸ் என்று விற்பதுதான் மேற்கே பெஸ்ட் ஃபுட்ஸ் என்ற பெயரில் விற்கிறது. கலிஃபோர்னியாக்காரர்கள் எழுதிய குறிப்பைப் பார்த்து டெக்சஸில் பெஸ்ட் ஃபுட்ஸ் தேடி அலைய வேண்டாம். தென் மாநிலங்களில் டியூக்ஸ் பிரபலம். அதில் சர்க்கரை கிடையாது, அதனால் என் அளவில் இன்னொரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்துக்கொள்ளலாம். மிராக்கிள் விப் மயோனைஸ் அல்ல. 1933ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் கிராஃப்ட் அறிமுகப்படுத்திய, எண்ணெய் குறைந்த, இனிப்பான சாலட் டிரெஸ்ஸிங். அதைப் பயன்படுத்தினால் சர்க்கரையை முழுதாக விட்டுவிடுங்கள்.

முட்டை சாப்பிடாதவர்கள் நிறைய வருகிறார்கள். என்ன செய்வது?

பாட்லக்குக்கு நான் கொண்டுபோவது எப்போதும் முட்டையில்லாததுதான். ஒரு ட்ரேயில் பாதிப் பேர் கை வைக்க முடியாமல் நிற்பது எனக்கு மனசுக்குச் சங்கடம். இந்தியக் கடைகளில் வெஜ் மயோனைஸ் கிடைக்கும், அமெரிக்கக் கடைகளில் வீகன் மயோனைஸ் கிடைக்கும். ஆனால் இரண்டும் விலை கூடுதல். வீட்டில் பாலில் செய்வது மிகவும் மலிவு, இரண்டு நிமிட வேலை.

உயரமான, ஒடுங்கிய டம்ளர் அல்லது ஜாடியில் குளிர்ந்த பால் அரை கப், வாசனையில்லாத எண்ணெய் ஒரு கப், மஸ்டர்ட் ஒரு தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி. கை பிளெண்டரை அடிவரை இறக்கி, அசைக்காமல் ஓட்டுங்கள். அடியிலிருந்து வெள்ளையாகக் கெட்டிப்பட்டு மேலே ஏறிவரும். முழுதும் வெளுத்தபின் பிளெண்டரை மெல்ல மேலே தூக்கி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு இன்னொரு சுற்று. முதலிலேயே அசைத்தால் சேராது, எண்ணெயும் பாலும் பிரிந்தே நிற்கும். இதை ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

பெட்டியின் லேபிளையும் பாருங்கள். எல்போ மேக்கரோனி பெரும்பாலும் கோதுமை ரவை மட்டுமே. எக் நூடுல்ஸ் என்று எழுதியிருப்பதில் முட்டை உண்டு. ஒரு சொட்டு ருசிக்காக வூஸ்டர்ஷர் சாஸ் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளும் இருக்கின்றன. அதில் வழக்கமாக நெத்திலி இருக்கும், சைவர்களுக்கு ஆகாது. ட்ரேயின் மேல் ஒரு ஸ்டிக்கரில் முட்டை இல்லை, பால் உண்டு, கோதுமை உண்டு என்று எழுதி ஒட்டிவிடுவேன். பத்துப் பேர் பத்து முறை கேட்பது மிச்சமாகும், அலர்ஜி உள்ள குழந்தையின் அம்மாவுக்கும் நிம்மதி.

மயோனைஸே வேண்டாம், முழுக்கத் தயிரில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் வீட்டில் உடனே சாப்பிட மட்டும். முதல் வருடம் நான் அப்படித்தான் ஒரு ட்ரே முழுக்கச் செய்துகொண்டு போனேன். இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுத்து, தயிரும் திரிந்தாற்போல் நீர் விட்டு, ட்ரேயின் மூலையில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. எடுத்தவர்கள் தட்டில் பக்கத்திலிருந்த வடை வரை நனைந்துபோனது. இப்போது மயோனைஸ் இரண்டு பங்குக்குத் தயிர் ஒரு பங்கு. எண்ணெய் குறையும், புளிப்பு இயல்பாக வரும், நீரும் விடாது.

தயிர் கெட்டியாக இருக்க வேண்டும். கிரீக் யோகர்ட் வாங்கலாம். வீட்டுத் தயிரை மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டாலும் அதே பதம் வந்துவிடும், அதுதான் மலிவு. வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், மோராகக் குடிக்கலாம்.

தமிழ்நாட்டில் மயோனைஸைத் தடை செய்துவிட்டார்கள் என்று அம்மா பயப்படுகிறார். சாப்பிடலாமா?

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை. கேரளம் 2023லேயே இப்படிச் செய்தது, தெலங்கானா 2024 கடைசியில். பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். ஷவர்மா கடை மாதிரி இடங்களில் அதை அடித்து, வெயிலில் மணிக்கணக்கில் வெளியே வைப்பதுதான் ஆபத்து. அமெரிக்கக் கடைகளில் பாட்டிலில் வருவது கிருமி போகப் பதமாகச் சூடாக்கிய முட்டையில் செய்தது, வினிகர் புளிப்பும் சேர்ந்தது. முட்டையில்லாததற்கு அந்தக் கேள்வியே இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டில் பச்சை முட்டை அடித்து மயோனைஸ் செய்து பிக்னிக்குக்கு எடுத்துப்போவதை மட்டும் நானும் வேண்டாம் என்பேன்.

வெயிலில் எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

இதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் வரம்பு இரண்டு மணி நேரம். வெளி வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் ஒரே மணி நேரம். டாலஸில் ஜூலை மத்தியானம் 95ஐத் தாண்டுவது சாதாரணம், ஆகவே எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு.

எல்லோரும் மயோனைஸைத்தான் குற்றம் சொல்கிறார்கள். பாட்டில் மயோனைஸ் புளிப்பானது, அதில் கிருமி எளிதில் வளராது. வளர்வது வெந்த மேக்கரோனியிலும், முட்டையிலும், கோழித் துண்டிலும். மீந்த சாதத்தைக் கெடுக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் மேக்கரோனியைப் போட்டு வைத்தால் அங்கேயும் அவை பெருகும். கையிலிருந்து வரும் இன்னொரு கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. அதனால் வாசனை நன்றாகத்தானே இருக்கிறது என்று முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நான் செய்வது இது. சாலட்டை இரண்டு டப்பாக்களாகப் பிரித்து, முதல்நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்த்துவிடுவேன். கூலரில் ஐஸ் பைகளுக்கு நடுவே பயணம். காரின் டிக்கியில் அல்ல, ஏசி படும் பின் சீட்டுக் காலடியில். பூங்காவில் ஃபுல் ட்ரே ஒன்றில் ஐஸ் கொட்டி, அதன் மேல் ஹாஃப் ட்ரேயை அமுக்கி வைத்து, ஒரு டப்பாவை மட்டும் கொட்டுவேன். அது தீர்ந்தபின்தான் அடுத்தது. கரண்டி தனியாக. கிளம்பும்போது ட்ரேயில் மிஞ்சியது எவ்வளவானாலும் குப்பைக்குத்தான். பத்து டாலர் பண்டத்துக்காக ஒரு குழந்தை ராத்திரி முழுக்க வாந்தி எடுக்க வேண்டாம்.

முந்தின நாளே செய்யலாமா?

செய்வதே நல்லது. ஒரு ராத்திரி ஊறினால் உப்பும் புளிப்பும் சமமாகும். வெங்காயத்தை மட்டும் அன்று காலையில் சேருங்கள். ஒரு நாள் கிடந்தால் அதன் வாடை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நறுக்கியபின் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பிழிந்தால் காரல் அடங்கும். ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள் இருக்கும்.

ஃப்ரீசரில்?

வேண்டாம். மயோனைஸ் திரிந்துவிடும், செலரி துணி போலாகிவிடும்.

எல்போ மட்டும்தானா?

சுருள், வில், சிப்பி, எதுவும் சரி. குழியும் மடிப்பும் இருந்தால் கலவை தங்கும். ஸ்பகெட்டி மாதிரி நீளமானது ட்ரேயிலிருந்து எடுக்கத் தோதுப்படாது. எது தள்ளுபடியில் இருக்கிறதோ அதை வாங்குங்கள். மூன்று நிறச் சுருளுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், நிறம் கேரட்டிலும் குடைமிளகாயிலும் வந்துவிடும்.

கோதுமை ஆகாதவர்களுக்கு அரிசி மாவு பாஸ்தா குளிர்ந்தால் மிகவும் விறைக்கும். அவர்களுக்குத் தனியாக ஒரு கிண்ணம், அன்றைக்கே செய்து கொடுப்பதுதான் சரி.

காயில் எங்கே காசு மிச்சம் பிடிக்கலாம்?

துருவிய கேரட் பை வாங்காமல் முழுக் கேரட் வாங்குவது, சிவப்புக் குடைமிளகாய்க்குப் பதில் பச்சை வாங்குவது, பட்டாணியை ஃப்ரோசனில் எடுப்பது. இதிலேயே பாதி மிச்சம். பிக்கிள் ஜாடியில் இருக்கும் புளிப்புத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், வினிகருக்குப் பதில் அதையே மேக்கரோனியில் தெளிக்கலாம். ருசி அதில்தான் இருக்கிறது. உப்பை மட்டும் அப்போது பாதியாக்குங்கள்.

ஆனால் செலரியை விட்டுவிடாதீர்கள். குழைவான பண்டத்தில் நறுக்கென்று ஏதாவது ஒன்று கடிபட வேண்டும், அதற்கு அதுதான் மலிவு. தக்காளி, வெள்ளரி இரண்டும் தண்ணீர் விடும். போட்டே ஆக வேண்டும் என்றால் விதைப்பகுதியை வழித்துவிட்டுக் கடைசியில் சேருங்கள்.

கடுகு தாளித்துக் கொட்டலாமா?

தயிர்சாதம் போல என்று நானே சொன்னதால் பலருக்கும் இது தோன்றும். நான் செய்து பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. நெய்யிலோ தேங்காயெண்ணெயிலோ தாளித்தால் குளிரில் உறைந்து நாக்கில் மெழுகாகப் படியும். கறிவேப்பிலை தோல் போல் ஆகிவிடும். மயோனைஸின் ருசியும் பெருங்காயமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

காரம் வேண்டும் என்றால் பச்சைமிளகாயை விதை நீக்கி மிகப் பொடியாக அரிந்து, ஒரு துண்டு இஞ்சியைத் துருவிப் பிழிந்த சாறு, இடித்த மிளகு, கொத்தமல்லி. இது நன்றாகச் சேரும். எங்கள் வட்டத்தில் மூன்று பெரியவர்கள் இதைச் சாப்பிட ஆரம்பித்ததே இஞ்சிச் சாறு சேர்த்த பிறகுதான்.

ஹவாயில் இதையே சோற்றோடு கொடுத்தார்களே, அது வேறு சாலட்டா?

குடும்பம் ஒன்றே. ஹவாயின் பிளேட் லஞ்சில் இரண்டு உருண்டை சோறு, ஒரு உருண்டை மேக்கரோனி சாலட், கூடவே கறியோ மீனோ. அங்கே மேக்கரோனியை நன்றாகக் குழையவிட்டு, சூட்டோடு வினிகர் சேர்த்து, கேரட்டைத் துருவிப் போட்டு, மயோனைஸும் பாலும் கலந்து தளரச் செய்கிறார்கள். காய் அவ்வளவாக இருக்காது. வெதுவெதுப்பில் வினிகர் தெளிக்கும் பழக்கம் எனக்கு அந்த முறையைப் பார்த்து வந்ததுதான். காய் வாங்கக்கூட நேரமில்லாத வாரத்தில் இதையே செய்யுங்கள், செலவு இன்னும் குறையும்.

ஊரில் மே மாத விடுமுறைக்குச் செய்ய முடியுமா? செலரி கிடைக்காதே?

தாராளமாகச் செய்யலாம். மேக்கரோனியும் வெஜ் மயோனைஸும் இப்போது சின்ன ஊர்க் கடைகளிலும் இருக்கின்றன. செலரிக்குப் பதில் கிளிமூக்கு மாங்காய். தோலோடு சோளப் பருமனுக்கு நறுக்கிப் போடுங்கள். நறுக்கென்ற கடியும் புளிப்பும் ஒன்றாகக் கிடைக்கும், பிக்கிளும் தேவையில்லை, வினிகரைப் பாதியாகக் குறைக்கலாம். போன மே மாதம் மதுரையில் அக்கா வீட்டில் அப்படிச் செய்தேன். இங்கே செலரியில் செய்வதைவிட அது நன்றாக இருந்தது என்றே சொல்வேன். அக்கினி நட்சத்திர வெயிலில் ட்ரேயில் வைத்துப் பரிமாற வேண்டாம். ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும், கேட்கக் கேட்கக் கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள்.

வீட்டில் ஃப்ரிட்ஜில் மீந்ததை என்ன செய்யலாம்?

வெளியே எடுத்துப் போகாத டப்பா என்றால் மறுநாள் இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டுக் கிளறி, கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் குளிரச் சாப்பிடுங்கள். சூடு பண்ணினால் எண்ணெய் பிரிந்துவிடும். பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் ஐஸ் பேக் வைத்த லஞ்ச் பையில் மட்டும். என் மகன் இதைச் சப்பாத்திக்குள் வைத்து, மேலே ஒரு அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, சுருட்டிச் சாப்பிடுகிறான். அப்பளம் நமுத்துப்போகும் முன் தின்றுவிட வேண்டும்.